சீல்காரர் வீட்டு க்ரீம்

சுகாதார அலுவலகத்தில் அவரை எல்லோரும் சீல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அழகு நிலையங்கள், முடிதிருத்தும் கடைகள், க்ரீமும் சாயமும் விற்கும் கடைகள் எல்லாம் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. சரியில்லை என்றால் கதவைப் பூட்டி, பூட்டைத் துணியால் சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைப்பதும் அவர்தான். மற்றவர்கள் வைத்தால் அரக்கு கோணல்மாணலாக வழியும். இவர் வைத்தால் அச்சில் வார்த்தது போல நிற்கும். அந்த விஷயத்தில் மட்டுமல்ல, எல்லா விஷயத்திலும் கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர். சோதனைக்குப் போன கடையில் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார்.

போகிற இடமெல்லாம் கடைக்காரர்களுக்கு ஒரு வாசகம் சொல்வார். "முகவரி இல்லாத டப்பா முகத்துக்கு ஆகாதுங்க." தயாரித்தவர் யார், எங்கே, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத எதையும் விற்கக் கூடாது என்பதை அப்படிச் சுருக்கிச் சொல்வது அவருக்கு ரொம்பப் பெருமை. கடைக்காரர்களும் சிரித்துவைப்பார்கள். சீல் வைக்கிறவர் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஒரு நாள் கடைவீதியில் ஒரு கடையின் பின்னறையைத் திறந்தால், பெட்டி பெட்டியாக வெள்ளை டப்பாக்கள். தங்க நிற மூடி, மேலே ஒரு முத்துப் படம். வேறு ஓர் எழுத்து இல்லை. நிறத்தை மாற்றும் க்ரீம். அத்தனையையும் வண்டியில் ஏற்றினார். கடைக்காரர் கூடவே வந்து புலம்பினார்.

"சார், சும்மா சொல்லக் கூடாது, ஒரே மாசத்துல ஆளே மாறிடறாங்க. லேபிள் இல்லைங்கறது ஒண்ணுதான் சார் குறை."

"அந்த ஒண்ணுதாங்க எனக்கு வேணும்" என்றார் சீல்காரர்.

ஆனால் கடைக்காரர் சொன்னது அவர் காதிலேயே தங்கிவிட்டது. காரணம், அவர் மனைவி.

சில மாதங்களுக்கு முன்னால் அவர் மைத்துனியின் கல்யாணத்தில் குடும்பத்தோடு படம் எடுக்க நின்றார்கள். படம் எடுப்பவரிடம் இவர் குரலை உயர்த்தி, "என் வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் தனியா ஒரு லைட் போடுங்க. இல்லைன்னா நான் யார்கூட நிக்கறேன்னே தெரியாது" என்றார். கூட்டமே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவள் முன்வரிசைக்கு வரவில்லை. யாராவது கைப்பேசியைத் தூக்கினால், "நான் எடுக்கறேன், நீங்கள்லாம் நில்லுங்க" என்று விலகிக்கொண்டாள். அவருக்குப் புரிந்தது. விளையாட்டு வினையாகிவிட்டது என்று தெரிந்தும், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சொல்லால் செய்ததைப் பொருளால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிற ஆண்களில் அவரும் ஒருவர்.

அலுவலகத்தின் கிடங்கில் அந்தப் பெட்டிகள் அழிப்பதற்காகக் காத்துக் கிடந்தன. எப்படியும் குழிக்குள் போகப்போகிற சரக்கு. இதில் லஞ்சம் எங்கே வந்தது, திருட்டு எங்கே வந்தது? சில டப்பாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த மாதிரிக் க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறார். கூட்டங்களில் அவரே பேசியும் இருக்கிறார். ஆனால் ஏட்டுச் சுரைக்காயாகத்தான் அது அவர் மண்டையில் இருந்தது. லேபிள் இல்லாதது குற்றம் என்பது மட்டும்தான் அவருக்கு உறைத்திருந்தது. லேபிளை எதற்காகக் கேட்கிறோம் என்பது உறைக்கவில்லை.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்களுக்கு இதெல்லாம் கூட வாங்கத் தெரியுமா?" என்றாள்.

"ஆபீஸ்ல பிடிச்சது. நல்ல சரக்குதான். லேபிள்தான் இல்லை" என்றார்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அவள் முகம் வெளுத்தது. அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். தெருமுனையில் அழகு நிலையம் வைத்திருந்த கத்திரி அக்காவே கேட்டாள். முடிவெட்டும் கைக்கும் வெட்டிப் பேசும் வாய்க்குமாகச் சேர்த்து அவளுக்கு அந்தப் பெயர். மனைவி புருவம் திருத்தப் போயிருந்தபோது, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "என்னம்மா, முகத்துல பல்பு எரியுது? என்னை விட்டுட்டு எவகிட்ட போறே?" என்றாளாம். மனைவி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். அவருக்கும் ஒரு பாவத்தைக் கழுவிவிட்ட நிம்மதி.

அந்த நிம்மதி நெடுநாள் நிற்கவில்லை. அவளுக்குத் தூக்கம் போயிற்று. வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி என்றாள். தம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கிற்று. பிறகு ஒரு காலையில் கண்ணிமைகள் புளித்த மாவு போல உப்பியிருந்தன. கால் செருப்புக்குள் நுழையவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் புரதத்தைத் தேக்கத் தெரியாமல் வெளியே விடுகிறது என்றார்கள்.

டாக்டரம்மா நிதானமானவர். கட்டிலோரம் உட்கார்ந்து, "முகத்துக்கு என்னம்மா பூசறீங்க? நிறம் வர்றதுக்கு ஏதாவது க்ரீம்?" என்று கேட்டார்.

மனைவி கணவரைப் பார்த்தாள். ஒரு கண்ணசைவு காட்டியிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் முந்திக்கொண்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர். நான் சுகாதார ஆபீஸ்லதான் இருக்கேன். அதையெல்லாம் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்."

 அவர் கை அவரை அறியாமல் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது.

சோதனை முடிவு வந்தது. சிறுநீரில் பாதரசம். இருக்கக்கூடிய அளவை விட எத்தனையோ மடங்கு. டாக்டரம்மா இந்த முறை அவர் பக்கம் திரும்பாமல் நேரே அவளிடம் கேட்டார். "இது சோத்துல வராதும்மா, தண்ணியில வராது. எங்கயோ உடம்புல பட்டிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் எத்தனை பேர் இதைப் பூசிட்டு இருக்காங்களோ."

அவள் உப்பிய இமைகளை மூடிக்கொண்டாள். "பார்லர்ல... ஃபேஷியல் பண்ணறப்ப ஏதோ போட்டாங்க. எங்க தெருமுனையில."

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். டாக்டர் போன பிறகு அவள் மெல்லச் சொன்னாள். "வேற என்னங்க சொல்றது? உங்க வேலை போயிடும்ல."

"ரெய்டு போவாங்க, சாம்பிள் எடுப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னு வந்துடும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். அவளுக்குச் சொன்ன சமாதானம்தான், ஆனால் அவருக்கே அதிகம் தேவைப்பட்டது.

டாக்டரின் புகார் அவருடைய அலுவலகத்துக்கே வந்தது. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவே அபூர்வம்.

"நம்ம வீட்டுக்கே வந்துட்டுதேப்பா. வேற ஆளை அனுப்பலாம்னுதான் நெனச்சேன். ஆனா உனக்கு இருக்கற வயித்தெரிச்சல் வேற யாருக்கு இருக்கும்? நீயே போய் இழுத்து மூடிட்டு வா."

அப்போது சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று விடுப்பாவது எடுத்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு அரக்கையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு வந்த இளைய அதிகாரியோடு வண்டியில் ஏறினார்.

கத்திரி அக்காவின் கடை சின்ன அறை. இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளக் கண்ணாடி, துவைத்து மடித்த துண்டுகள் ஓர் அலமாரியில். கூட்டிய முடி மூலையில் ஒரு சிறு குவியலாக இருந்தது. ஒரு பெண் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தாள். இளைய அதிகாரி புகாரைப் படித்தார். க்ரீம், பொடி, எண்ணெய் எல்லாவற்றிலும் சாம்பிள் எடுத்து உறையில் போட்டார். எல்லா டப்பாவிலும் லேபிள் இருந்தது. சீல்காரர் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

"பாதரசமா? என் கடையிலயா?" கத்திரி அக்காவின் வாய் முதல் முறையாகத் தடுமாறியது. "யாருக்கு சார் ஆச்சு?"

சீல்காரர் அரக்கை எடுக்கக் குனிந்தார். இளைய அதிகாரிதான் சொன்னார். "சாரோட வீட்டம்மாவுக்கேதாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறாங்க."

அக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். சண்டை போடுவாள், வாதாடுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நினைத்திருந்தார். சண்டை போட்டிருந்தால் அவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் சாயம் பூசிய பெண்ணின் தலையை அவசரமாக அலசித் துவட்டி அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, தானே வெளியே வந்து ஒதுங்கி நின்றாள். தெருவே கூடிவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சீல்காரர் அரக்கை உருக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது கோணலாக வழிந்தது.

சாம்பிள் முடிவு வருவதற்கு முன்பே கத்திரி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பிற்பகல், பார்வையாளர் நேரம். அவர் மனைவிக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் ஒரு துணிப்பை. கட்டிலோரம் வந்ததும் அதைத் திறந்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். வீட்டில் வைத்துத் தானும் மகளும் பூசுகிற டப்பாக்களாம்.

"கடையில இருக்கறதும் இதேதாம்மா. இதுல எதைப் போட்டப்ப உனக்கு எரிஞ்சுது? ஞாபகம் இருக்கா? டாக்டர்கிட்ட காட்டலாம்னு கொண்டாந்தேன். அவங்க சாம்பிள் முடிவு வர லேட்டாகுமாம். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராதும்மா. ஒவ்வொரு முகமா கண்ணுக்கு முன்னால வருது. போன மாசம் ஒரு புள்ளத்தாச்சிக்கு ஃபேஷியல் பண்ணினேன். என் பொண்ணுக்கும் இதேதான் பூசிட்டு இருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்சு செய்யலம்மா. சத்தியமா தெரியாது. என் கையாலயா உனக்கு இப்படி ஆகணும்?"

சொல்லிக்கொண்டே குனிந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அந்த வீங்கிய பாதங்களைத் தொடப்போனாள். மனைவி சுடுதண்ணீர் பட்டது போலக் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அக்கா. தொடாதீங்க. நீங்க இல்ல." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

கத்திரி அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். கையில் பாதி உரித்த ஆரஞ்சோடு அவர் எழுந்து நின்றார்.

"நான்தாங்க" என்றார். "ஒரு கடையில பிடிச்ச க்ரீமை ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு எடுத்துட்டு வந்து குடுத்தேன். உங்க கடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

அவர் எதிர்பார்த்தது ஓர் அறை. நடந்தது வேறு. கத்திரி அக்கா கட்டிலடியில் இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் விரிந்தது. "அப்ப நான் இல்லையா? என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைல்ல? அந்தப் புள்ளத்தாச்சிக்கு?"

"இல்லைங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை."

அவள் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குச் செருப்படியை விட மோசமாக இருந்தது. பிறகு அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள். கடைசி டப்பாவை வைக்கும்போதுதான் கை நின்றது.

"தெரிஞ்சேதான் அரக்கு வச்சீங்களா?"

"ஆமாங்க."

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது மனைவியின் போர்வையை மட்டும் கால் வரைக்கும் இழுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி கத்துவார் என்று பார்த்தார். அவர் கத்தவில்லை. "முத்துப் படம் போட்ட டப்பாவா? தங்க மூடி?" என்று மட்டும் கேட்டார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"நான்தான் பேசறேன். குளியலறை அலமாரியில அந்த வெள்ளை டப்பா இருக்குல்ல, மருமகப் பொண்ணு பூசறாளே... அதைத் தொட வேணாம்னு சொல்லு. ஏன்னு கேக்காதே. இப்பவே ஒரு பையில போட்டுக் கட்டி வை. அவளைக் கெளம்பி இருக்கச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்." போனை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கிடங்குப் பெட்டிகளில் டப்பாக்கள் குறைந்திருந்ததைத் தான் எடுத்த கணக்கென்று இத்தனை நாள் நினைத்திருந்தார் சீல்காரர். வேலியே பயிரை மேய்ந்திருந்தது, அதுவும் ஒரு பக்கத்து வேலி மட்டுமல்ல.

சீல்காரரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேலதிகாரி மீதும் விசாரணை வந்தது. கத்திரி அக்காவின் சாம்பிளில் ஒரு குற்றமும் இல்லை என்று முடிவு வந்து, இளைய அதிகாரி போய் அரக்கை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

கதவு திறந்தது, ஆட்கள் வரவில்லை. இல்லாமலா சீல் வைப்பார்கள் என்று தெரு பேசியது. அதைக் கேள்விப்பட்டுச் சீல்காரர் ஒரு காலையில் கடைக்குப் போனார். கத்திரி அக்கா காலி நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படிக்கு உள்ளே வந்து, தணிந்த குரலில், "என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

அவள் நிமிராமல் துண்டை மடித்தாள். "சீல் வச்சப்ப தெருவே பாத்துச்சு. மன்னிப்பு மட்டும் என் காதோட சொன்னா எப்படிங்க?"

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவள் எழுந்து கதவை விரியத் திறந்து வைத்தாள். "உள்ளே எனக்குச் சொல்ல வேணாம். எனக்குத்தான் தெரியுமே. வெளியே நின்னு சொல்லுங்க."

அவர் படியில் இறங்கி நின்றார். எதிரே தையல்காரர், பக்கத்தில் மருந்துக்கடை, நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள். எத்தனையோ கடைகளின் முன்னால் நின்று சட்டம் பேசிய தொண்டை. இப்போது சத்தம் குறைவாகத்தான் வந்தது.

"இந்தக் கடையில ஒரு தப்பும் இல்லைங்க" என்று ஆரம்பித்தார். யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார். நிறுத்தத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொல்றீங்க? கேக்கலை, சத்தமா சொல்லுங்க" என்றார்.

"இந்தக் கடையில தப்பு இல்லைம்மா. என் வீட்டம்மாவுக்குக் கெட்ட க்ரீமைக் குடுத்தது நான். பிடிச்ச சரக்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்மேல பழி வரக் கூடாதுன்னு, தெரிஞ்சே இவங்க கடைக்கு சீல் வச்சேன்."

ஒருத்தர் "த்தூ" என்றார். யார் என்று அவர் பார்க்கவில்லை. பஸ் வந்தது, பெண்கள் ஏறினார்கள். ஏறியவர்களில் பாதிப் பேர் சன்னல் வழியாகத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு போனார்கள். கத்திரி அக்கா கதவை விட்டு உள்ளே போய் மறுபடி துண்டு மடிக்க உட்கார்ந்துவிட்டாள். இனி போகலாமா, நிற்க வேண்டுமா என்று சொல்ல ஆளில்லாமல் அவர் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

விசாரணை முடிந்து, பதவி இறக்கி, கொசு மருந்து அடிக்கும் பிரிவில் போட்டார்கள். அந்த வேலையில் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, முகமூடி உண்டு. மேலதிகாரியின் மருமகளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்ததால் பெரிய பாதிப்பில்லை என்று கேள்விப்பட்டார்.

மனைவிக்கு உடம்பு தேற மாதங்கள் ஆயின. வீக்கம் வடிந்தது, நடுக்கம் நின்றது, முகம் தன் பழைய நிறத்துக்கு வந்தது. ஒரு நாள் அவரே பேச்சை எடுத்தார். "அன்னிக்குக் கல்யாணத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன் பாருங்க. அதைத்தான் எனக்கே தாங்க முடியலை" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தெருமுனையைத் தாண்ட வேண்டியிருந்தால் அவள் சுற்றுவழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கடையில் ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள் என்று அவர்தான் சொன்னார். அவள் காதில் வாங்கிக்கொள்ளாதது போல இருந்தாள். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. இருட்டுவதற்குள் வந்தாள். புருவம் இரண்டும் திருத்தி, ஓரம் சிவந்திருந்தது.

"அங்கேயா போனே?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஒண்ணும் சொல்லலை. நான்தான் குனிஞ்சே உக்காந்திருந்தேன். தலையை நிமித்து, குனிஞ்சிருந்தா எனக்குப் புருவம் தெரியாதுன்னாங்க."